மினி ஸ்டேடியத்துக்குப் பதினேழு கையெழுத்து

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் கள்ளக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். (ஒரே முறை என்றால் ஒரே மத்தியானத்தில். எண்ணிப் பார்த்தால் பதினேழு வரும்.) இதைச் சொல்லும்போது நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வேன் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். வெட்கப்பட்டாயா என்றால், பட்டேன். ஊரே பார்க்க, மைக்கில், விரல் நிறைய மையோடு பட்டேன். வருத்தப்பட்டாயா என்றால், இன்றுவரை இல்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பொன்னேரிக் கல்லூரியில் பட்டம் வாங்கிவிட்டுப் பழவேற்காட்டில் வாப்பாவின் கடையில் உட்கார்ந்திருந்தேன். வலைக்கயிறும் மிதவையும் விற்கும் கடை. கல்லூரியில் நான் வாலிபால் அணியில் இருந்தேன். (இருந்தேன் என்றால், பட்டியலில் பெயர் இருந்தது. மூன்று வருடத்தில் பெஞ்சை விட்டு நான் எழுந்தது ஒன்பது முறை. அதில் நாலு முறை மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க.) ஆட்டக்காரி என்றால் அது என் சிநேகிதி அமுதா. லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண். அவளுடைய நைனாவுக்கு ஒரு ஃபைபர் படகு உண்டு. அமுதா எகிறி அடித்தால் எதிர்ப்பக்கம் நிற்பவர்கள் பந்தைப் பார்க்க மாட்டார்கள், கண்ணை மூடிக்கொள்வார்கள்.

கல்லூரி முடிந்ததும் எங்களுக்கு ஆட இடம் இல்லாமல் போனது. குப்பத்துக் கடற்கரையில் வலை கட்டினோம். "வலை காயப் போடணும், எட்டப் போங்கம்மா" என்றார்கள். எட்டப் போனோம். அங்கே பையன்கள் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். "நாங்க முடிச்சதும் ஆடுங்க" என்றார்கள். அவர்கள் முடிப்பது பந்து கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகுதான். பள்ளிக்கூட மைதானத்துக்குப் பூட்டு. தெருவில் ஆடினோம். "இம்மாம் பெரிய பொண்ணுங்களுக்கு இன்னா ஆட்டம்?" என்று ஒரு மாமி எங்கள் பந்தை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். கேட்டு வாங்க மூன்று நாள் ஆனது.

இந்த நேரத்தில்தான் பஞ்சாயத்துத் தலைவர் எங்கள் கடைக்கு வந்தார். கொடி கட்டக் கயிறு வாங்க வந்தவர், போகிறபோக்கில் வாப்பாவிடம் சொன்னார்:

"பாய், ஏரிக்கரை மேட்டுல மினி ஸ்டேடியம் ஒண்ணு கட்டப் போறோம். பஞ்சாயத்து வரிப்பணம் கொஞ்சம், மேல கேட்டுக் கொஞ்சம். ஊருக்கு ஒரு அடையாளம் வேணும் இல்ல?"

வாப்பா கயிற்றை அளந்துகொண்டே, "வேணும், வேணும்" என்றார். கயிறு வாங்குபவர்கள் எதைச் சொன்னாலும் வாப்பா வேணும் என்றுதான் சொல்வார்.

நான் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்தேன். "பொண்ணுங்களும் ஆடலாமா?"

தலைவர் என்னைப் பார்த்தார். "நீ படிச்ச பொண்ணு இல்ல? நசீமா தானே? வாரத்துல மூணு நாள் சாயங்காலம் பொண்ணுங்களுக்கே. ஆனா ஒண்ணு. ஆகஸ்ட் பதினஞ்சு கிராம சபையில தீர்மானம் போடணும். வேணாம்னு ஒரு கும்பல் கிளம்பியிருக்குது. ஜனங்களுக்கு ஆசை கீதுன்னு காட்டணும். எரநூறு கையெழுத்து வாங்கிக் குடு. மூணு நாள் உன்னுது."

எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அமுதா அடிக்கிற பந்துக்குக் கேலரியில் இருந்து ஊரே கைதட்டுவது போலவும், நான் பெஞ்சை விட்டுப் பத்தாவது முறை எழுவது போலவும் தோன்றிக்கொண்டே இருந்தது.

மறுநாள் நோட்டும் பேனாவும் மைப்பெட்டியுமாகக் கிளம்பினேன். கையெழுத்து வாங்குவது கயிறு விற்பது போல் இல்லை என்று முதல் வீட்டிலேயே தெரிந்தது.

"எதுக்குமா?"

"ஸ்டேடியம் கட்ட."

"சினிமா கொட்டாயா?"

"விளையாட்டு அரங்கம்."

"படம் போடுவாங்களா?"

"போட மாட்டாங்க."

"அப்புறம் எதுக்கு?"

நாலைந்து வீட்டுக்குப் பிறகு விளக்கம் சொல்வதை நிறுத்தினேன். நோட்டை நீட்டினேன், போட்டார்கள். ஒரு பாட்டி முதியோர் பென்ஷனுக்கு என்று நினைத்துப் போட்டார். இன்னொருவர் ரேஷன் கடையில் எடை குறைகிறது என்ற புகாருக்கு என்று நினைத்துக் கோபமாகப் போட்டார். தாளே கிழிந்தது. நான் திருத்தவில்லை. (பொதுவாழ்க்கையில் இறங்கிய முதல் நாளே எனக்கு இவ்வளவு தேர்ச்சி.)

எதிர்க்கும் கும்பல் என்று தலைவர் சொன்னது யாரை என்று மூன்றாம் நாள் தெரிந்தது. ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்கள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி, அகப்பட்டதைப் பனையோலைக் கூடையில் போடுவார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் கூடையைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். கரையேறியதும் அந்த மேட்டில்தான் கொட்டி, ரகம் பிரித்து, வியாபாரியிடம் போடுவார்கள். ஸ்டேடியம் வரப்போவது அதே மேட்டில்.

அவர்களில் முக்கியமானவர் கன்னியம்மா. நாற்பது வயது இருக்கும். அவர் சரி என்றால் அத்தனை பேரும் சரி என்பார்கள் என்று சொன்னார்கள். நான் சுடிதாரை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, நோட்டைத் தலையில் வைத்து, ஏரியில் இறங்கினேன்.

"அக்கா, ஸ்டேடியம் கட்டுறதுக்கு உங்களுக்குச் சம்மதம்தானே?"

கன்னியம்மா வாயில் கூடை. கண்ணைக் கொஞ்சம் உருட்டி என்னைப் பார்த்தார். "ம்ம்... ம்" என்றார்.

"சம்மதம்னு எடுத்துக்கட்டுமா அக்கா?"

"ம்ம்ம்! ம்!"

எவ்வளவு உற்சாகமாகச் சொல்கிறார் என்று நெகிழ்ந்து போய், அங்கேயே நின்றபடி அவர் பெயரை எழுதிக்கொண்டேன். கைநாட்டை நானே வைத்துக்கொள்கிறேன், உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்றேன். அதற்கும் ஒரு பெரிய "ம்ம்ம்" வந்தது. (சம்மதத்தோடு வைத்தது என்பதால் இதை அந்தப் பதினேழில் நான் சேர்ப்பதில்லை.)

கிராம சபைக்கு முந்தின நாள் எண்ணிப் பார்த்தேன். நூற்று எண்பத்து மூன்று. பதினேழு குறைகிறது. ஊரில் நான் தட்டாத கதவு இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. நிழலுக்கு டச்சுக் கல்லறைக்குள் போய் உட்கார்ந்தேன். ஊர்க்காரர்களுக்கு அது கல்லறை என்பதைவிட, மரநிழலும் மதில்சுவரும் உள்ள ஓர் அமைதியான இடம். வாசல் தூணில் செதுக்கிய எலும்புக்கூடுகளைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்ததால் எங்களுக்குப் பயமும் கிடையாது.

அமுதாவும் கூட வந்திருந்தாள். "தலைவர்கிட்ட நூத்தி எம்பத்து மூணுனு சொல்லிடுடி. கூடக் குறைய இருந்தா இன்னா?" என்றாள்.

"இருநூறுன்னா இருநூறு" என்றேன். எதிரே ஒரு பெரிய கருங்கல் பலகை. ஒல்லாந்து எழுத்து சுருட்டிச் சுருட்டி வெட்டியிருந்தது. அதில் ஒரு பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது. ஆபிரகாம். பக்கத்துக் கல்லில் தானியேல். எங்கள் ஊரில் ஆபிரகாமும் தானியேலும் இல்லாமலா? சர்ச் தெருவில் தடுக்கி விழுந்தால் ஒரு தானியேல் மேல்தான் விழ வேண்டும்.

என் பேனா தானாக நகர்ந்தது.

"வேணாண்டி" என்றாள் அமுதா.

ஆபிரகாம், தந்தை பெயர் தானியேல். யாக்கோபு. பேதுரு. மரியா. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சாய்வில் கையெழுத்து. ஆறு பேர் ஆனதும் என் கற்பனை வறண்டது. மீதிப் பேரைக் கைநாட்டு ஆக்கினேன். வலது பெருவிரல், இடது பெருவிரல், அப்புறம் மற்ற விரல்கள். எல்லாம் தீர்ந்த பிறகு செருப்பைக் கழற்றிக் கால் கட்டைவிரலையும் மைப்பெட்டியில் வைத்தேன். பதினேழாவது பெயரில்தான் எனக்கு ஆசை மிஞ்சிவிட்டது. மூலையில் ஒரு கல்லில் கொர்நேலியா என்று இருந்தது. என்ன அழகான பெயர்! எங்கள் ஊரில் அப்படி யாரும் கிடையாது என்று மூளையின் ஒரு மூலை சொன்னது. இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று இன்னொரு மூலை சொல்லிவிட்டது.

கிராம சபை புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் நடந்தது. கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடித்ததும் எல்லாரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா அதிகாரியாக வந்திருந்தார். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்ததுமே நான் நோட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

தலைவர் ஸ்டேடிய வரைபடத்தைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி ஆரம்பித்தார். ஊருக்கு அடையாளம் என்றார், இளைஞர்களின் எதிர்காலம் என்றார். பின்னால் இருந்து ஒரு படகுக்காரர் எழுந்தார்.

"அடையாளமா? வெள்ளக்காரன் கட்டின கோட்டையே முள்ளு மண்டிக் கெடக்குது. நீ கட்டுறது எத்தினி நாளைக்கு? மொதல்ல படகு அணையுற எடத்துல ஒரு வெளக்குப் போடு. எங்க வரிப்பணம்தானே அது?"

"வரி கட்டிட்டுப் பேசு! நீ வீட்டு வரி கட்டி எத்தினி வருஷம் ஆச்சு?" என்றார் முன்வரிசைக் கடைக்காரர் ஒருவர்.

"நீ கட்டிட்டியா? ரசீது காட்டு!"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. தலைவர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் எழுந்து மைக்கைப் பிடித்தேன். இரண்டு நாள் மனப்பாடம் செய்த பேச்சு.

"மதிப்பிற்குரிய வரிசெலுத்துவோரே!" என்று தொடங்கினேன். (என் வாழ்நாளில் நான் அதுவரை ஒரு ரூபாய் வரி கட்டியதில்லை. வீட்டு வரியை வாப்பா கட்டுவார், அதுவும் மூன்றாவது நோட்டீசுக்குப் பிறகு.) "வரி செலுத்தும் மக்களின் விருப்பமே இந்த அரங்கம். வரி செலுத்தாதவர்கள் இதை எதிர்ப்பது எந்த வகையில் நியாயம்?"

நடுவில் இருந்து கன்னியம்மா எழுந்தார். வாயில் கூடை இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன்.

"இந்தாமே, நான் தீப்பெட்டி வாங்குறேன், அதுல வரி கீது. சோப்பு வாங்குறேன், அதுல வரி கீது. நான் புடிச்ச எறா கப்பலேறிப் போகுது, அதுல எம்மாம் வரின்னு எனக்குத் தெரியாது, ஒனக்குத் தெரியுமா? வூடு இல்லாதவ வூட்டு வரி எப்படிக் கட்டுவா? கரை மேட்டை எடுத்துக்கினா நாங்க எறாவை எங்க கொட்டுறது, ஒன் தலையிலயா?"

கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சூடானது. அப்போது நான் செய்தது என் வாழ்வின் மிகச் சிறந்த முட்டாள்தனம். நோட்டைத் தூக்கிக் காட்டி, "நீங்களே சம்மதம் சொல்லிக் கைநாட்டு வெச்சிருக்கீங்களே அக்கா!" என்றேன்.



"நானா? எப்போ?"

"ஏரியில. 'ம்'னு சொன்னீங்களே."

"அடிப்பாவி, வாயில கூடை இருந்துச்சுடி! தூரப் போ, கால்ல எறா மிதிபடுதுன்னு கத்திகினு இருந்தேன்!"

அதிகாரி கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டார். "அந்த நோட்டை இப்படிக் கொடும்மா" என்றார்.

நான் கொடுத்தேன். வேறென்ன செய்ய? பக்கத்தில் இருந்த அமுதா தாவணித் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அதிகாரி மெதுவாகப் பக்கம் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் நின்றார்.

"சிலரைக் கூப்பிட்டுச் சரிபார்க்கிறேன். பெயர் சொன்னவர்கள் எழுந்து நில்லுங்கள். ஆபிரகாம், தந்தை பெயர் தானியேல்."

யாரும் எழவில்லை.

"யாக்கோபு."

எங்கேயோ ஒரு விசிறி கிறீச்சிட்டது.

"மரியா?" ஒரு மரியா எழுந்தார். எனக்கு உயிர் வந்தது. "நான் எதுலயும் கையெழுத்துப் போடல மேடம், மிட்டாய்க்கு வந்தேன்" என்றார். உயிர் போனது.

"கொர்நேலியா." அதிகாரி கண்ணாடிக்கு மேலாகக் கூட்டத்தைப் பார்த்தார். "கொர்நேலியா யாரும்மா?"

கடைசி வரிசையில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். கல்லறையைக் காவல் காக்கும் வாட்ச்மேன். காக்கிச் சட்டையில், மிக மரியாதையாக எழுந்து நின்றார்.

"மேடம், நீங்க இப்ப படிச்சவங்க எல்லாரும் என் ட்யூட்டில கீறாங்க."

"ட்யூட்டியில் என்றால்?"

"உள்ள படுத்துகினு கீறாங்க மேடம். கல்லறையில. நான்தான் பாத்துக்கறேன்."

"என்ன வயசு இருக்கும்?"

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "ஒரு முந்நூறு இருக்கும் மேடம்."

அதற்குப் பிறகு நடந்த சிரிப்பைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. புயலுக்குக் கட்டிய கட்டடம் தாங்கியது, அவ்வளவுதான் சொல்லலாம். ஒரு கிழவர் இருமலில் மயங்கப் போனார். வரி கட்டியவன், கட்டாதவன், படகுக்காரன், கடைக்காரன் எல்லாரும் அன்று முதன்முறையாக ஒன்றாக இருந்தார்கள். அதிகாரி, "கையைக் காட்டு" என்றார். காட்டினேன். பத்து விரலும் நீலம். அவர் கீழே பார்த்தார். நான் செருப்புக்குள் கட்டைவிரலை மடக்கினேன். மறைக்க முடியவில்லை.

"தலைவரே, இது உங்கள் ஏற்பாடா?"

தலைவர் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "இந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க."

அதுவரை நான் மண்ணுக்குள் போய்விட வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வாக்கியம் என்னை வெளியே இழுத்துவிட்டது. மைக் இன்னும் என் நீலக் கையில்தான் இருந்தது.

"மேடம், நான்தான் போட்டேன். பதினேழும் நான்தான். யார் மேலயும் பழி இல்ல. போலீஸைக் கூப்பிடணும்னா கூப்பிடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி அவரு கையில இருக்கிற பிளானை ஒரு தடவை சத்தமாப் படிங்க. வாரத்துல மூணு நாள் பொண்ணுங்களுக்குனு என்கிட்டச் சொன்னாரு. அது அதுல எங்க இருக்குதுன்னு பார்க்கணும்."

  சொல்லி முடித்தும் நான் உட்காரவில்லை.

அதிகாரி கையை நீட்டினார். தலைவர் வரைபடத்தைக் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. அந்த அம்மா படித்தார். நுழைவாயிலில் அலங்கார வளைவு. வளைவின் மேல் தலைவரின் தகப்பனார் பெயர். விருந்தினர் மேடை. நீரூற்று. அதற்குப் பிறகு, மிச்சம் இருந்த இடத்தில், ஆடுகளம்.

"பெண்கள் என்ற சொல் இருக்கிறதா மேடம்?" என்றேன்.

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "இருக்கிறது. கழிப்பறை என்ற இடத்தில். 'பின்னர் கட்டப்படும்' என்று போட்டிருக்கிறது."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து அந்தப் படகுக்காரர், "வளைவுக்கா எங்க துட்டு?" என்றார். அதற்குப் பிறகு கூட்டத்தைத் தலைவரால் அடக்க முடியவில்லை. தீர்மானம் கைதூக்கலுக்கு வந்தது. வேண்டும் என்று தலைவரும் முன்வரிசையும் தூக்கினார்கள். வேண்டாம் என்று மிச்சம் பேர் தூக்கினார்கள். ஸ்டேடியத்துக்காக ஐந்து நாள் வெயிலில் அலைந்த நானும் தூக்கினேன். நீல விரல் என்பதால் தெளிவாகத் தெரிந்தது.

அதிகாரி நடவடிக்கைக் குறிப்பில் எழுதியதை நானே எட்டிப் பார்த்தேன். 'ஆதரவுக் கையெழுத்துகள், கல்லறையில் உள்ளவர்கள் நீங்கலாக, போதுமானதாக இல்லை.' பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "இன்னொரு தடவை பண்ணினே, நானே கேஸ் கொடுப்பேன். நீயா பேர் எழுதிக்கிட்ட அந்த அம்மாகிட்ட மன்னிப்புக் கேள், போ" என்றார். ஏதோ யோசித்து, "கால் விரலுமா?" என்றும் கேட்டார்.

நான் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. உம்மா அழுதுகொண்டிருந்தார்.  மத்தியானச் சாப்பாடு முடிந்து, கை கழுவி, வந்து உட்கார்ந்த பிறகுதான் வாப்பா வாயைத் திறந்தார்.

"கள்ளக் கையெழுத்துப் போட்டே. தப்பு. அது போகட்டும். ஆனா நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் இந்த ஊர்ல கப்பல் வெச்சு யாவாரம் பண்ணவங்க. ஒல்லாந்துக்காரனோட மல்லுக்கட்டி யாவாரம் பண்ணவங்க. அவன் மூட்டை கட்டிட்டுப் போனான். நீ இன்னா பண்ணே? பதினேழு பேருக்கு ஓட்டுரிமை குடுத்துத் திரும்பக் கூட்டியாந்துட்டே!"

"வாப்பா..."

"நம்ம மையவாடியில செத்தவங்க இல்லையா? நம்ம ஆளுங்க பேரு கண்ணுக்குத் தெரியலையா?"

உம்மா அழுகையை நிறுத்திவிட்டு வாப்பாவைப் பார்த்தார். எனக்கும் அவர் என்னைத் திட்டுகிறாரா யோசனை சொல்கிறாரா என்று விளங்கவில்லை.

மறுநாள் ஏரிக்குப் போனேன். கன்னியம்மா தண்ணீரில் இருந்தார். கரையில் நின்று, "அக்கா, தப்புதான். மன்னிச்சிடுங்க" என்று கத்தினேன். அவர் கூடையை வாயிலிருந்து எடுத்தார். (பாடம் கற்றுக்கொண்டுவிட்டார்.)

"அங்க நின்னு கத்தாத. எறங்கி வா. இதைப் பல்லுல கவ்வு. ஒரு மணி நேரம் தடவு. அப்புறம் மன்னிக்கிறதா வேணாமான்னு பாக்கலாம்."

கவ்வினேன். ஓலைக்கூடை காலியாக இருக்கும்போதே தாடை கழன்றது. சேற்றுக்குள் கையை விட்டால் எது இறால், எது சிப்பி, எது என் கால் என்று தெரியவில்லை. ஒரு நண்டு என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. "ம்ம்ம்! ம்!" என்று அலறினேன். கன்னியம்மா நிதானமாக, "இன்னாமே, சம்மதம்னு எழுதிக்கட்டுமா?" என்றார். சுற்றியிருந்த பெண்கள் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒரு மணி நேரத்தில் நான் பிடித்தது மூன்று இறால். மூன்றும் அவர்களே போட்டது என்று பிறகு அமுதா சொன்னாள்.

கரையேறி இறாலைக் கொட்டிப் பிரிக்கும்போது கன்னியம்மா கேட்டார்: "ஒங்க பந்தாட்டத்துக்கு எம்மாம் எடம் வேணும்?"

"நீளம் பதினெட்டு மீட்டர், அகலம் ஒம்பது."

"காட்டு."

நான் அடி வைத்துக் காட்டினேன். அந்த மேட்டில் ஒரு மூலைகூட நிரம்பவில்லை.

"இவ்ளோதானா? இதுக்கா கோட்டை கட்டச் சொன்னே?" அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். "நாங்க மத்தியானத்தோட கெளம்பிடுவோம். அப்புறம் இங்க நாய்தான் படுத்துகினு கீது. எங்கள ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்தப் பாடு உண்டா?"

கேட்டேன், ஆனால் பதிலைக் கேட்கவில்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாடை வேறு வலித்தது.

அமுதாவின் நைனா இரண்டு சவுக்குக் கம்பும் கிழிந்த வலையும் கொடுத்தார். மறுவாரமே ஆட ஆரம்பித்தோம். களம் முழுக்க இறால் நாற்றம், பந்து பாதி நேரம் ஏரியில். நாலாம் நாள் தலைவரின் ஆட்கள் மூன்று பேர் வந்து, பஞ்சாயத்து இடத்தில் வலை கட்ட அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டார்கள். கன்னியம்மாவும் ஏழெட்டுப் பெண்களும் அன்று வேண்டுமென்றே வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எழவில்லை, கத்தவில்லை. ஈரக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அவர்களையே பார்த்தார்கள். கன்னியம்மா மட்டும், "எறா கொட்ட யாராண்ட அனுமதி வாங்கினோம்னும் கேளு நைனா, சேத்துச் சொல்றோம்" என்றார். வந்தவர்கள் பொதுவாக ஏரியைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அமுதா அடித்த அடுத்த பந்து வலைக்கு மேல் போன வேகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. நான் மறுபக்கம் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

ஸ்டேடியம் வரவே இல்லை. வளைவு மட்டும் இரண்டு வருடம் கழித்து வேறு ஏதோ நிதியில் வந்தது. அதன் பின்னால் ஒன்றும் கிடையாது. ஆடுகள் போகவர வசதியாக இருக்கிறது.

எனக்கு நிக்காஹ் நடந்தபோது நான் உள்ளறையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். வெளியே ஹஜ்ரத் சாட்சிகளின் பெயரைப் படித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து, மிகப் பணிவாகக் கேட்டது சுவரைத் தாண்டிக் கேட்டது:

"ஹஜ்ரத், மன்னிக்கணும். பொண்ணு வீட்டுச் சாட்சிங்க ரெண்டு பேரும் உயிரோடதானே இருக்காங்க?"

பந்தல் அதிர்ந்தது. வாப்பாவின் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது. உம்மா, "சிரிக்காதடி, மணப்பொண்ணு" என்று என் முழங்கையைக் கிள்ளினார். நான் சிரித்துத் தொலைத்தேன், கண்மை கரைந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த விண்ணப்பம் வந்தாலும், ரேஷன் கார்டோ பள்ளிக்கூட ஃபாரமோ, என் கணவர் முதலில் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதுல மூச்சு விடுறவங்க எத்தனை பேர்?" என்பார். இப்போது என் மகளும் அதையே கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். விருந்தாளிகள் வந்தால் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல வைக்கிறாள். சொல்கிறேன், எனக்கென்ன! ஊரில் ஒரு வீட்டுக் கதவு விடாமல் தட்டியவள் நான். கையெழுத்துப் போட்டவர்களும் சரி, போடாதவர்களும் சரி, விஷயம் புரிந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் என்னைக் கேட்ட கேள்வி, "பொண்ணுங்களுக்கு எதுக்குமா பந்து?" என்பதுதான். கல்லறைக்குள் இருந்த பதினேழு பேர் மட்டும்தான் அதைக் கேட்கவில்லை.